ஒரு ரூபாய்க் குழாய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை வந்த புறநகர் மனைப்பிரிவுச் செய்தியில் ஒரு வரி: "மேல்நிலைத் தொட்டியும் குடிநீர்க் குழாய்களும் நகராட்சிக்கு ஒரு பைசா செலவில்லாமல் கிடைத்துள்ளன." இருபது வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்கிப் படிக்கிறேன். இந்த வரியைப் படித்த பிறகு காபி தொண்டையில் இறங்கவில்லை.

உள்ளாட்சிக் கணக்குப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். புரமோட்டர், அதாவது மனை பிரித்து விற்பவர், தானமாகக் கொடுத்த சொத்தை நகராட்சிக் கணக்கில் எப்படி எழுதுவார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2004-இல் வந்த தேசிய நகராட்சிக் கணக்குக் கையேடு சொல்வது ஒரு ரூபாய். அவ்வளவு பெரிய தொட்டி, தெருத்தெருவாய்ப் போன குழாய், எல்லாம் ஏட்டில் ஒரு ரூபாய்! சொத்து வருடா வருடம் தேய்வதற்குச் செலவாக எழுதும் தொகைதான் தேய்மானம். ஒரு ரூபாய்க்கு என்ன தேய்மானம் போடுவது? தேய்மானம் செலவில் ஏறாவிட்டால் தண்ணீர்க் கட்டணக் கணக்கிலும் அது வராது. வரவு செலவு வருடா வருடம் ஏட்டில் நன்றாக இருப்பது போலவே தோன்றும். இருபது, இருபத்தைந்து வருடத்தில் குழாயை மாற்ற வேண்டி வரும்போது ஒதுக்கி வைத்த பணம் என்று ஒன்றும் இருக்காது. புதுக் குழாயை ஒரு ரூபாய்க்கு எந்தக் கடையில் தருவார்கள்?

எங்கள் மனைப்பிரிவும் தானமாய் வந்ததுதான். போன மாதம் மூன்றாவது குறுக்குத் தெருவில் குழாய் உடைந்தது. தண்ணீர் திறந்து விடும் தம்பி கடப்பாரையோடு வால்வைத் தேடி நான்கு இடத்தில் தோண்டினார். புரமோட்டர் குழாய் வரைபடம் கொடுக்கவில்லை, நகராட்சியும் கேட்டு வாங்கவில்லை. குழாய் கிடந்தது ஓரடி ஆழத்தில். 6 கேஜி அழுத்தம் தாங்கும் பைப் போட வேண்டிய இடத்தில் 4 கேஜி மட்டும் தாங்கும் பைப். வெடிப்பின் மேல் ஏற்கெனவே யாரோ சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருந்தார்கள். அன்று காலை முழுவதும் தண்ணீர் சாக்கடையில் ஓடியது. குடிநீர் வடிகால் வாரியம் மொத்தமாகத் தரும் தண்ணீருக்கு அளந்துதான் பணம் கேட்கிறது. சாக்கடைக்குப் போனதை யாரும் கழித்துக்கொள்வதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொட்டிக்கும் குழாய்க்கும் ஆன பணம் மனை விலையில் சேர்த்து எங்களிடம் வாங்கியது. அப்புறம் இணைப்புக்கு டெபாசிட்டும் நாங்களே கட்டினோம். தொட்டியில் செதுக்கியிருக்கும் 'அன்பளிப்பு' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. இரண்டு வருடத்துக்கு முன் மோட்டார் காயில் எரிந்து பதினோரு நாள் தண்ணீர் இல்லாமல் கிடந்தோம். அப்போதும் தங்களுக்கு எழுதினேன். இடம் இல்லாமல் போயிருக்கும், சரி.

தானம் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்கும் முன் இன்ஜினியர் தோண்டிப் பார்க்க வேண்டும். பராமரிப்புக்கு ஒரு தொகையைப் புரமோட்டரிடம் வைப்பு நிதியாக வாங்க வேண்டும். அதெல்லாம் பெரியவர்கள் பேசி முடிவெடுக்கட்டும். தங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை இப்படிச் செய்தி வரும்போது, குழாய் வரைபடத்தை வாங்கினீர்களா என்று தங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
கோவைப் புறநகர்