உறைபனியைப் படம் எடுங்கள், மிதிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், பத்திரிகைகளில் ஊட்டி படம் வந்துவிடும். கார் கூரையில் படிந்த பனியை வழித்துக் கையில் ஏந்திச் சிரிக்கும் ஒரு சுற்றுலாப் பயணி, மேலே 'வெள்ளைக் கம்பளம் விரித்தாற்போல்' என்று ஒரு வரி, அப்புறம் எத்தனை டிகிரி என்று ஒரு வரி. பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன், படத்தில் ஆள்தான் மாறுகிறார். அதுகூடப் பரவாயில்லை. போன வாரம் பார்த்த ஒரு படத்தில், தாவரவியல் பூங்காப் புல்வெளியின் நடுவில், உறைபனி மேலேயே ஒரு குடும்பம் வரிசையாக நிற்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உறைந்து விறைத்திருக்கும் புல்லின் மேல் காலை வைத்தால் அது வளையாது, நொறுங்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துப் போனால் மிதித்த இடமெல்லாம் கருகிக் கிடக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே செய்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் நண்பரிடம் கேமரா இரவல் வாங்கிக்கொண்டு போய், நல்ல கோணம் கிடைக்குமென்று புல்வெளிக்குள் இருபது அடி நடந்தேன். அடுத்த வாரம் போனபோது பாதையிலிருந்து என் ஷூ தடம், குதிகால் வரைக்கும் அச்சு மாறாமல், பழுப்பு நிறத்தில் வரிசையாக இருந்தது. அங்கே நின்ற தோட்டக்காரர் அதைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

உண்மையில் உள்ளே இறங்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தப் பூங்கா 1848-இல் மெக்ஐவர் என்பவர் மலைச்சரிவைத் திருத்தி அமைக்கத் தொடங்கியது, தொட்டபெட்டாவின் அடிவாரச் சரிவிலேயே இருக்கிறது. மலை மறைப்பதால் புல்வெளிக்கு வெயில் கொஞ்சம் தாமதமாகத்தான் இறங்கும், அது பட்ட சில நிமிஷங்களில் வெள்ளையெல்லாம் போய்விடும். அந்த இடைவெளியில் பாதை ஓரமாகவே உட்கார்ந்து ஓர் இலையைப் பாருங்கள். விளிம்பெல்லாம் ஊசி ஊசியாகப் பனி நிற்கும், ரோமம் உள்ள இலை என்றால் ரோமத்துக்கு ஓர் ஊசி. மூச்சை அடக்கிக்கொண்டு குனிய வேண்டும், விட்ட மூச்சிலேயே கரைந்துவிடும். வெள்ளையைக் கண்டால் கேமரா சாம்பலாகக் காட்டும், அதனால் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள், செல்போனிலும் அப்படித்தான். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இன்னொன்றைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருப்பது நல்லது.

இன்னொரு விஷயம். நவம்பரில் நீர்ப்பனி விழத் தொடங்கியதுமே பூங்காத் தொழிலாளர்கள் செடிகளுக்கு மேல் மிலார் செடிக் கிளைகளைப் பரப்பி மூடிவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பாத்தி பாத்தியாகக் குட்டிக் குடிசைகள் போட்டது மாதிரி இருக்கும். காலையில் புல்வெளிக்குத் தண்ணீர் தெளிப்பதும் உண்டு, பனியோடு வெயில் சுள்ளென்று பட்டால் புல் கருகிவிடும் என்பதால். விடியற்காலையில் நடுங்கிக்கொண்டே போய், கண் முன்னால் உறைபனியைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போவதைப் பார்த்து நானும் முணுமுணுத்திருக்கிறேன். நமக்கு ஒரு படம் போகும், சரி, மே மாத மலர்க் கண்காட்சி வரை அந்தப் புல்லைக் காப்பாற்ற வேண்டியது அவர்கள் அல்லவா? விறைத்த விரலோடு ஹோஸ் பிடித்து நிற்கும் அந்த ஆட்களின் படம் ஒன்றைக்கூட நான் எந்தப் பத்திரிகையிலும் பார்த்ததில்லை.

பனிப் படமே போடாதீர்கள் என்று சொல்லவில்லை. பாதையில் நின்று எடுத்ததாகப் பார்த்துப் போடுங்கள், கீழே 'புல் மேல் ஏற வேண்டாம்' என்று ஒரு வரி சேருங்கள். டிகிரி எழுதும் இடத்தில் அதுவும் அடங்கும். மிலார் மூடிய பாத்திகளின் படங்கள் என்னிடம் ஏழெட்டு இருக்கின்றன, கேட்டால் அனுப்புகிறேன். பணம் வேண்டாம், பெயரும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உதகை வாசகர் ஒருவர்