தோட்டத்து வாசலில் டிவி படக்குழாய் உடைப்பதை நிறுத்தித் தருமாறு கோரும் மனு

சுற்றாடல் உத்தியோகத்தர் அவர்கள்,
கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

மட்டக்குளியில் எமது குடியிருப்புத் தோட்டத்து வாசலிலுள்ள பழைய சாமான் கொட்டிலைப் பற்றி மார்ச்சிலும் ஜூனிலும் எழுதிய கடிதங்களுக்குப் பதில் கிடைக்காமையால், மூன்றாவது தடவையாக இம்மனுவைத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கின்றோம். இடத்தைத் தாங்கள் அறிவீர்கள். டெங்குப் பரிசோதனைக்கு வந்தபோது கொட்டிலுக்குப் பக்கத்து வடிகானருகில்தான் நின்றீர்கள்.

1. அங்கே செப்புக் கம்பிச் சுருளுக்காகப் பழைய பெட்டி டிவிகளின் படக்குழாய்கள் உடைக்கப்படுகின்றன. செம்பு விலைபோகிறது, கண்ணாடி கானுக்குள் விழுகிறது.

2. எம்மை மிகவும் வருத்துவது அதன் தூள். குழாயின் பின்புறப் புனல் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு ஈய ஒட்சைட்டு. கழுத்தைச் சுத்தியலால் தட்டியதும் காற்று உள்ளே பாய்ந்து, திரையின் உட்புறம் பூசப்பட்ட வெண்மாவு வெளியே பறக்கிறது. ஒன்றரை வயதான என் பேத்தி அந்த வாசற்படியில்தான் தவழ்கிறாள். காலையும் மாலையும் ஈரத்துணியால் துடைக்கிறேன். துணி அலசிய வாளியின் அடியில் சாம்பல் நிறத்தில் மினுமினுப்பாகப் படிகிறது. அவளோ தரையைத் தொட்ட விரலை வாயில் வைக்கிறாள். ஈயத்தில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவென்று அறியப்பட்டது எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனமே கூறுகிறது. இன்னும் எத்தனை முறை துடைப்பது, ஐயா?

3. இப்போது தட்டை டிவிகளும் வருகின்றன. அவற்றில் பழைய வகைகளின் மெல்லிய விளக்குக் குழாய்களில் பாதரசம் உண்டு. அவையும் அதே கல்லில் உடைகின்றன.

4. அட்டவணைப்படுத்தப்பட்ட, அதாவது ஆபத்தானவையெனப் பட்டியலிட்ட, இத்தகைய கழிவுகளைச் சேகரிக்க அனுமதிப்பத்திரம் வேண்டுமென 2008 ஆம் ஆண்டின் சுற்றாடல் ஒழுங்குவிதிகள் கூறுவதை நாங்கள் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது இருக்கிறதா என்று வந்து கேட்பதற்குக்கூட இத்தனை மாதங்களா? கொட்டிலில் வெறுங்கையோடு உடைக்கும் பையன்களும் எங்கள் அயலவர்தான். அவர்களுடைய பிழைப்பைக் கெடுக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. குழாய் உடையாமல் முழுதாக அனுமதி பெற்ற மீள்சுழற்சி நிலையத்துக்குப் போகட்டும். செம்பையும் ஈயக் கண்ணாடியையும் அங்கே முறையாகப் பிரித்தெடுக்கட்டும். எங்கள் வாசலில் வேண்டாம்.

ஆகவே, உடைப்பதை உடனே நிறுத்தவும், அடுத்த மழைக்கு முன் கானிலுள்ள கண்ணாடியை அள்ளுவிக்கவும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயத்தைப் பரிசோதிக்கும்படி சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுதவும் மன்றாடிக் கேட்கின்றோம். மற்றவை தாமதித்தாலும், உடைப்பதை மட்டுமாவது இந்தக் கிழமையே நிறுத்தித் தாருங்கள். வரும் நாளை முன்கூட்டி அறிவித்தால், அந்த வாளியை ஊற்றாமல் வைத்திருப்பேன்.

இங்ஙனம்,
தோட்டத்துக் குடியிருப்பாளர்கள் சார்பில்,
ஒரு பாட்டி