விலை சொல்வதற்கு முன் கசிவைக் கண்டுபிடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காவேரிப்பட்டினத்தில் கார் பட்டறை நடத்துகிறேன். சைலென்சர் சத்தம் தாங்கவில்லை என்று வருகிறவர்களில் பலர், அதற்கு முன்பே வேறெங்கோ காட்டி, "மொத்தமாக மாற்றிவிட வேண்டும்" என்று ஒரு பெரிய தொகையைக் கேட்டுக் கலங்கிப்போய் வருகிறார்கள். வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் விலை சொல்லும் இந்தப் பழக்கம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் பரவிக்கிடக்கிறது. இது நிற்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்மையில் அரூர் பக்கமிருந்து ஓர் ஆசிரியை வந்தார். சைலென்சர் போய்விட்டது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வண்டியை இரவே விட்டுப்போகச் சொன்னேன். காலையில் எஞ்சின் நன்றாக ஆறியிருந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம். ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த அதுவும் வேகம் பிடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் மேனிஃபோல்ட் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில், அதை இறுக்கிப் பிடிக்கும் ஒரு ஸ்டட் (திருகாணி) முறிந்து, இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் எரிந்து, புகை கசிந்து விரல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. ஸ்டட்டும் கேஸ்கெட்டும் மாற்றினோம். சைலென்சரைத் தொடவே இல்லை.

இந்த வகைக் கசிவு எஞ்சின் சூடானதும் இரும்பு விரிந்து தானாகவே ஓரளவு அடைபட்டுக்கொள்ளும். சூடான வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் எந்த மெக்கானிக்கின் காதிலும் விழாது. அதனால் முந்தின நாளே வண்டியை விட்டுவிடுவது நல்லது. பின்பக்கம் 'கும்' என்று அடிவயிற்றைக் குலுக்கும் சத்தமாக இருந்தால் சைலென்சர் பெட்டியோ அதன் குழாயோ துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். கடகடவென்று தகரச் சத்தம் வந்தால் வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்திருக்கலாம். அதற்கு இறுக்கிப் பிடிக்கும் ஒரு கிளாம்ப் போதும்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க, ஆறிய வண்டியில் ஒருவர் ஸ்டார்ட் செய்ய, மற்றொருவர் தடித்த துணியால் புகைக்குழாய் முனையைச் சில நொடிகள் அழுத்தி மூடட்டும். கசிவு இல்லையென்றால் எஞ்சின் திணறும், துணியைப் புகை தள்ளும். கசிவு இருந்தால் 'உஸ்' என்ற சத்தமே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் வைக்காத வேலை உயிருக்கு ஆபத்து.

சத்தத்தைச் சகித்துக்கொண்டே ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு ஒட்டிக்கொள்ளும். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து போக்குவரத்து நின்றுபோனால், ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறோம். நின்ற வண்டியின் அடியில் கசியும் புகை அங்கேயே தேங்கும், உள்ளேயும் ஏறும். தலைவலியும் குமட்டலும் வந்தால் பயணக் களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே எஞ்சினை நிறுத்திக் கதவுகளைத் திறக்க வேண்டும்.

துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் கார் அதை ஆவியாக்கும் அளவுக்குச் சூடாவதில்லை. 2024 டிசம்பரில் ஊத்தங்கரை வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பல சைலென்சர்களின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்றே ஊசித்துளை ஒன்று விட்டிருப்பார்கள். அதை ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிடுகிறார்கள்! மெலிந்துபோன தகட்டின்மேல் ஒட்டுப் போடுவதும் வீண். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றாவிட்டால் மின்னணுப் பாகங்கள் பழுதாகக்கூடும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது, புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டர் விஷயத்தில்தான். "உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டால் மைலேஜ் கூடும்" என்று வண்டிக்காரரை நம்பவைத்து வெறும் கூட்டை மாட்டி அனுப்புகிறார்கள். எடுத்த பாகத்தில் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் இருக்கின்றன. அதற்குத் தனி விலை உண்டு. வண்டிக்காரருக்கு மிஞ்சுவது சத்தமும் நச்சுப்புகையும் வழக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, ஒலி, காற்று மாசு விதிகளை மீறி ஓட்டினால் முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்காமல் பட்டறையை விட்டு யாரும் வண்டியை எடுக்க வேண்டாம்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழாயில் கசிவு இருந்தால் வெளிக்காற்று கலந்து, புகைப் பரிசோதனையில் மாசு குறைவாகக் காட்டும். பரிசோதனை நிலையங்களில் கருவியைச் செருகுவதற்கு முன், வண்டியின் சத்தத்தைக் கேட்டு, கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே சான்றிதழ் தரும்படி உத்தரவிடுங்கள். கசிவு இருந்தால் எந்த இடம் என்று எழுதிக் கொடுத்து அனுப்பட்டும்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.