குழந்தை பெற்ற பிறகும் எங்களுக்கு உடம்பு இருக்கிறது

மதிப்பிற்குரிய பெண்கள் நல மருத்துவர்களுக்கு,

எனக்கு பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, என்று தெரிந்தபோது வயது 24. இப்போது 48. நடுவில் எத்தனையோ மருத்துவர்களைப் பார்த்துவிட்டேன். அவர்கள் கேட்டது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கரு தங்கியதா? இரண்டாவது குழந்தைக்குப் பிறகு அந்தக் கேள்விகளும் நின்றுவிட்டன. போன வருடம் ஒருவரிடம், தயங்கித் தயங்கி, உறவின்போது வலிக்கிறது என்றேன். "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்மா" என்றார். எழுதிக் கொடுத்தது சத்து மாத்திரை.

நாற்பதைத் தாண்டும்போது எங்களில் பலருக்கு மாதவிடாய் ஓரளவு சீராகிறது. சினைமுட்டைகளின் இருப்பு குறைவதுதான் காரணம். உடனே 'நீர்க்கட்டி சரியாகிவிட்டது' என்று ஃபைலை மூடிவிடுகிறீர்கள். பிசிஓஎஸ்ஸோடு வரும் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காத நிலை, எங்கே போனது? எங்கும் போகவில்லை. சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு, பல வருடம் மாதவிடாய் தள்ளிப்போனவர்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் என்று ஆபத்துகள் தொடர்கின்றன. ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும் என்று பிசிஓஎஸ்ஸுக்கான 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. பாலியல் நலனையும் கவனிக்கச் சொல்கிறது. அந்தப் பகுதியை யாராவது படித்தீர்களா என்றுதான் சந்தேகம்.

பிசிஓஎஸ்ஸில் பலருக்கு ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் கூடும்; முகத்தில் முடி வளர்வதும் அதனால்தான். அது அதிகம் என்றால் ஆசையும் அதிகம் இருக்குமே என்று ஒரு மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு. விடிவதற்குள் எழுந்து, கணவர் பார்க்கும் முன் தாடை முடியை மழித்துவிட்டு வருகிறவளிடம் சொல்கிற பேச்சா அது? விளக்கை அணைத்தால்தான் பக்கத்தில் போவேன் என்று இருபது வருடம் இருந்திருக்கிறேன். ஆசை ஹார்மோனில் மட்டும் இல்லை. சர்க்கரை ஏறினாலும் அது குறையும். நீங்கள் எழுதித் தரும் மனச்சோர்வு மாத்திரைகளில் சிலவும் குறைக்கும். அதை எழுதும்போதே சொல்லலாமே.

மெனோபாஸ் நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து, பிறப்புறுப்பு வறண்டு, தோல் மெலிந்துவிடுகிறது. வலி அதனால்தான். வழுக்கு ஜெல் இருக்கிறது. உள்ளே தடவ, குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது. இடுப்புத் தளத் தசைகளுக்குப் பிசியோதெரபி இருக்கிறது. இவற்றையெல்லாம் நானாகத் தேடித்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் இன்னொன்று: பிசிஓஎஸ் இருந்தால் கரு தங்காது என்று நம்பி, நாற்பதுக்கு மேல் கருத்தடையைக் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தங்கும் என்பதை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நாற்பதைக் கடந்த ஒருத்தி உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால், ரத்த அழுத்தம் பார்த்த கையோடு, "உறவில் ஏதாவது சிரமம் இருக்கிறதா?" என்று நீங்களே கேளுங்கள். கூட வந்தவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நோயாளி ஒருத்தி