மன்னாவின் அளவையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எகிப்தைவிட்டு வந்த இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் கர்த்தர் கொடுத்ததாக வேதாகமம் சொல்லும் ஆகாரம் மன்னா. தங்கள் ஞாயிறு இணைப்பில் அதைப் பற்றி வந்த கட்டுரை, சீனாய்ப் பாலைவனத்து டாமரிஸ்க் மரங்களில் மாவுப்பூச்சி விடும் இனிப்புத் துளிதான் அது என்று முடிந்திருந்தது. அப்படியொரு துளி உண்டு. 1927-ல் எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகக் குழு சீனாய்க்கே போய் அதை ஆராய்ந்தது. ஆனால் அது கோடையின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும் கிடைப்பது, பெரும்பாலும் சர்க்கரை. வேதாகமம் சொல்லும் மன்னாவை ஏந்திரத்தில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், சட்டியில் சமைத்தார்கள், அப்பமும் சுட்டார்கள் (எண்ணாகமம் 11). ஒரு ஜனத்துக்கே அதுதான் அன்றாட ஆகாரம்.

யாத்திராகமம் 16-ல் அளவு தெளிவாக இருக்கிறது. தலைக்கு ஒரு ஓமர். எப்பா என்னும் பழைய தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 2.2 லிட்டர். ஐந்து பேர் இருக்கும் கூடாரத்துக்கு நாளொன்றுக்கு 11 லிட்டர். ஏழாம் நாள் ஓய்வுநாள் என்பதால் ஆறாம் நாளில் இரட்டிப்பாக 22 லிட்டர், அதாவது சரியாக ஒரு எப்பா. ஆராதனைப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட லேவி கோத்திரத்தாரை விட்டு, இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் மட்டுமே 6,03,550 பேர் என்கிறது எண்ணாகமம் முதல் அதிகாரம். அவர்களுக்கே தினமும் 13 லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். எந்த மரமும் இதைத் தராது.

என்றாலும் அளவைவிடப் பெரிய அதிசயம் அது கெட்டுப்போன விதத்தில் இருக்கிறது. நம் பிரசங்கங்களும் இதைக் கவனிக்காமல் 'வானத்திலிருந்து கொட்டிய ஆசீர்வாதம்' என்று கடந்துவிடுகின்றன. விடியற்காலப் பனி நீங்கியதும் தரையில் உறைபனிபோல் சிறு உருண்டைகள் கிடக்கும். வெயில் ஏறுமுன் பொறுக்க வேண்டும், ஏறினால் உருகிவிடும். பேராசையோடு அள்ளியவனும் கொஞ்சம் பொறுக்கியவனும் ஓமரால் அளந்தபோது ஒருவனுக்கு மிஞ்சவில்லை, மற்றவனுக்குக் குறையவில்லை. எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகக் காணிக்கை சேர்த்த அப்போஸ்தலன் பவுல், கொரிந்தியருக்கு இந்த வசனத்தையே எடுத்துக் காட்டினார். பணப் பகிர்வுக்கு அவர் தேடிப் பிடித்த ஆதாரம் இது என்பதை நாம் அடிக்கடி நினைக்க வேண்டும்.

ஜனத்தை நடத்திவந்த மோசே சொன்னதைக் கேளாமல் சிலர் மறுநாளுக்கு எடுத்துவைத்தார்கள். பூச்சி பிடித்து நாறியது. அதே மன்னாவை ஆறாம் நாளில் சுட்டும் வேவித்தும் மீதியை வைத்தபோது, ஏழாம் நாள் காலையில் நாற்றமும் இல்லை, பூச்சியும் இல்லை. அன்றும் பொறுக்கப் போனவர்கள் ஒன்றும் காணவில்லை. இன்னும் ஒரு ஓமரைப் பாத்திரத்தில் இட்டு, சந்ததியார் பார்க்கும்படி சாட்சி சந்நிதியில் மோசேயின் அண்ணன் ஆரோன் வைத்தான். ஒரே பொருள் ஓரிரவில் அழுகியது, இன்னோரிரவு நின்றது, பாத்திரத்தில் தலைமுறைகளுக்கு நின்றது. வெப்பமோ ஈரமோ இதை விளக்காது. கர்த்தர் சொன்ன வார்த்தை ஒன்றே வேறுபட்டது. பத்துக் கட்டளை வருவது 20-ஆம் அதிகாரத்தில்தான். அதற்கு முன்பே அடிமைத்தனத்திலிருந்து வந்த ஜனத்துக்கு ஓய்வுநாள் சாப்பாட்டின் வழியாகவே பழக்கப்பட்டுவிட்டது.

இது நின்ற நாளும் எழுதப்பட்டிருக்கிறது. எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இரண்டாம் மாதம் 15-ஆம் தேதி சீன் வனாந்தரத்துக்கு வந்தபின் தொடங்கிய மன்னா, யோர்தானைக் கடந்து தங்கிய கில்காலில் முதலாம் மாதம் 14-ஆம் தேதி எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையை ஆசரித்து, மறுநாள் அவர்கள் தேசத்தின் தானியத்தைப் புசித்தபின் ஒழிந்தது (யோசுவா 5). முறுமுறுத்த நாளிலும், பொன் கன்றுக்குட்டி செய்த நாளிலும், காதேசில் கலகம் செய்தபோதும் மன்னா நிறுத்தப்பட்டதாக வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. அறுப்புக்காலத்தில் யோர்தானைக் கடந்து, தானியம் கைக்கு வந்தபின்தான் நின்றது.

ஞாயிறு பள்ளியில் இந்தப் பாடத்தை நடத்துகிறவர்கள் படம் காட்டுவதோடு நிறுத்தாமல், ஒரு பாத்திரத்தில் 2.2 லிட்டர் ரவையை அளந்து காட்டலாம். அவரவர் வீட்டில் எத்தனை பேர் என்று பிள்ளைகளையே பெருக்கச் சொல்லுங்கள். ஆறாம் நாள் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வேதபாட ஆசிரியர்,
நாகர்கோவில்