கீழ போற எங்க ஹெச்.எம் டீச்சருக்கும் கூட நின்னவங்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லைன்ல (தோட்ட ஆளுங்க குடியிருக்கற வரிசை வீடு) இருக்கேன், தேயிலைக் கொழுந்து எடுக்கற வேலை. எங்க ஊர் ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளியில என் பொண்ணு மூணாவது முடிச்சு இப்ப நாலாவது போறா. அந்த ஸ்கூல் ஹெச்.எம் டீச்சருக்கு கலந்தாய்வுல மாறுதல் கிடைச்சிருச்சு, மலை இறங்கி கீழ போறாங்க. வயசான அம்மாவ பாத்துக்கணும்னு அவங்களே கேட்டு வாங்குன மாறுதல்தான், அதனால போகாதீங்கன்னு சொல்ல எங்களுக்கு வாய் வரல. நன்றியாவது நாலு பேர் பாக்கற மாதிரி சொல்லணும்னு தோணுச்சு. ஸ்கூல் பேரோ அவங்க பேரோ போடக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, ஊர்க்காரங்களுக்கு யாருன்னு தெரியும், அது போதும்.

அவங்கள எல்லாருக்கும் புடிக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். வாய் கொஞ்சம் காரம். ஊர் திருவிழான்னு ஒரு வாரம் புள்ளைய நிறுத்துனா லைனுக்கே வந்து நிப்பாங்க. குடிச்சுட்டு கேட்டுகிட்ட வந்த ஒரு அப்பாவ புள்ளைங்க முன்னாடியே திருப்பி அனுப்புனாங்க, அந்த வீட்டுல இன்னிக்கும் டீச்சர்னா மூஞ்சி கோணும். இங்கிலீஷ் பேச வைக்கலன்னு ஒரு குறை ரொம்ப நாளா இருக்கு, அது நியாயமான குறைதான், எங்க புள்ளைங்க தமிழ் நல்லா படிக்குது, கணக்கு போடுது, இங்கிலீஷ்ல மட்டும் இன்னும் திணறுது. ஆனா ஒண்ணுங்க, பெத்தவங்க சொல்றத உக்கார வெச்சு கேட்டு, கேட்டதுக்கு ஒரு பதிலும் சொல்லி அனுப்புன ஹெச்.எம்ம நாங்க இதுக்கு முன்னாடி பாத்ததில்ல. முடியும்னா எப்பன்னு சொல்லுவாங்க, முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு சொல்லுவாங்க. கூலி வேலைக்கு போற எங்கள மாதிரி ஆளுங்களுக்கு எந்த ஆபீஸ்லயும் இந்த ரெண்டாவது பதில் கிடைக்கவே கிடைக்காது, நாளைக்கு வாங்கன்னுதான் கிடைக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கறது நிறைய பேருக்கு தெரியாது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதுல முக்கால்வாசி பேர் பெத்தவங்களா இருக்கணும், மொத்தத்துல பாதி பொம்பளைங்க இருக்கணும். முன்னாடியெல்லாம் மதியானம் கூட்டம் வெப்பாங்க, அந்நேரம் நாங்க தோட்டத்துல இருப்போம், கையெழுத்து மட்டும் வீடு தேடி வரும். இவங்க வந்ததும் மேஸ்திரிகிட்ட பேசி சாயங்காலம் இலை எடை போட்டு முடிஞ்ச பின்னாடி கூட்டம் வெச்சாங்க. ஒரு நீட்டு நோட்டு, இடது பக்கம் நாங்க சொன்னது, வலது பக்கம் அது என்ன ஆச்சுங்கறது. அடுத்த கூட்டத்துல முதல்ல அந்த வலது பக்கத்ததான் வாசிப்பாங்க. பாத்ரூம்ல தண்ணி இல்ல, பைப் போட்டாச்சு. ஸ்வெட்டர் பெருசு, பக்கத்து ஸ்கூல்ல மாத்தியாச்சு (மலைப்பகுதி புள்ளைங்களுக்கு கவர்மென்ட் குடுக்கற ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ் எல்லாம் வரும், அளவுதான் சில சமயம் அண்ணனுக்கு தெச்சத தம்பி போட்ட மாதிரி இருக்கும்). சுற்றுச்சுவர், இன்னும் வரல, மறுபடி எழுதியாச்சு. இப்படியே போகும். வரலன்னு வாய்விட்டு வாசிக்க ஒரு தைரியம் வேணும்ல.

எண்ணும் எழுத்தும்ங்கற திட்டம் வந்த புதுசுல எங்க லைன்ல பெரிய சண்டையே ஆச்சு. 2022ல ஒண்ணு, ரெண்டு, மூணாம் கிளாஸுக்கு வந்துச்சு அது, கொரோனாவுல விட்டுப்போன படிப்ப புடிக்கறதுக்கு. அரும்பு, மொட்டு, மலர்னு புள்ளைங்கள பிரிச்சு, யாருக்கு எது தெரியுமோ அங்கிருந்து சொல்லிக்குடுக்கறது. மூணாவது படிக்கிற பையன் அரும்புல இருக்கான்னதும் அவங்க பாட்டி, என் பேரன் என்ன மக்கான்னு ஸ்கூலுக்கே வந்துட்டாங்க. டீச்சர் கோவப்படல. பாட்டிய பெஞ்சுல உக்கார வெச்சு, பையன ஒரு பக்கம் படிக்க சொன்னாங்க, அவனால முடியல, அப்புறம் எழுத்து அட்டைய எடுத்து பாட்டி கண்ணு முன்னாடியே அரை மணி நேரம் சொல்லிக்குடுத்தாங்க. மெல்ல கூட்டி ரெண்டு வார்த்தை படிச்சான். பாட்டி ஒண்ணும் பேசாம எந்திரிச்சு போயிட்டாங்க, மறுநாள் ஒரு பை நிறைய கேரட்டு வந்துச்சு டீச்சருக்கு. அது சத்துணவு சாம்பாருக்குத்தான் போச்சு.

இனி என் பொண்ணு விஷயம். இத எழுதலன்னா இந்த மடலுக்கே அர்த்தம் இல்ல.

முதல்ல டவுன்ல ஒரு ஸ்கூல்ல யூ.கே.ஜி வரைக்கும் போட்டிருந்தோம், அங்க பாப்பா கவனிக்கவே மாட்டேங்கறா, ட்யூஷன் வைங்கன்னு ஒவ்வொரு மீட்டிங்லயும் சொன்னாங்க, ஃபீஸும் கட்டுப்படி ஆகல, ஒண்ணாங்கிளாஸுக்கு இங்க வந்துட்டோம். வந்து கொஞ்ச நாள்தான் இருக்கும், டீச்சர் என்னைய கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னாங்க. இவ என் மூஞ்சிய பாத்துட்டு இருக்கும்போது சொன்னா உடனே செய்யறா, போர்டு பக்கம் திரும்பிட்டு சொன்னா செய்ய மாட்டேங்கறா, காது டெஸ்ட் பண்ணணும்மான்னாங்க. வீட்டுல நாங்க அவ அப்பா மாதிரி அமைதியான டைப்புன்னு நெனச்சுட்டு இருந்தோம். வட்டார வள மையத்துல இருந்து வருஷா வருஷம் மாற்றுத்திறன் புள்ளைங்களுக்கு மருத்துவ முகாம் போடுவாங்க, அதுக்கு பேர் எழுதி, அங்கிருந்து கோயமுத்தூர் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ரெண்டு காதும் பாதிக்கு மேல கேக்கலன்னு தெரிஞ்சு, காதுல மாட்டற கேக்கற மெஷின் வர்ற வரைக்கும் டீச்சர் ஒவ்வொரு கட்டத்துலயும் போன் பண்ணி எங்க நிக்குதுன்னு கேட்டுட்டே இருந்தாங்க. மெஷின் இலவசமாவே கிடைச்சுது.

மெஷின் மாட்டுனா எல்லாம் சரியாயிரும்னு நாங்க நெனச்சோம். அங்கதான் வேலையே ஆரம்பம். எங்க பக்கம் ஐப்பசி கார்த்திகைல மழை புடிக்கும், கிளாஸ் ரூம் தகர கூரை, மெஷின் வந்து பேச்ச மட்டும் பெருசாக்காது, தகரத்து மேல விழற மழையையும் சேத்து பெருசாக்கும், பாப்பா ரெண்டு கையாலயும் காத பொத்திட்டு அழுவா, இல்லன்னா மெஷின கழட்டி பையில போட்டுக்குவா, அன்னிக்கு பூரா ஒண்ணும் கேக்காது. வேற யாரா இருந்தாலும் மழை நாள்ல வீட்டுலயே வெச்சுக்கங்கன்னு சொல்லியிருப்பாங்க. ஹெச்.எம் டீச்சர் என்ன பண்ணாங்கன்னா, கான்கிரீட் போட்ட ரூம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அது ஆபீஸ் ரூம், பீரோவையும் மேசையையும் தகர கூரை ரூமுக்கு மாத்திட்டு பாப்பா கிளாஸ அங்க கொண்டு வந்துட்டாங்க. ஒழுகற ரூம்ல ரெக்கார்டு எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சு அவங்க உக்காந்து எழுதுவாங்க. ஆய்வுக்கு வந்தவங்க கேட்டப்ப, ரெக்கார்டுக்கு காது நல்லா கேக்கும் சார்னு சொன்னாங்களாம், சத்துணவு அக்கா சொல்லி சொல்லி சிரிப்பாங்க.

சிறப்பு டீச்சர் ஒருத்தர் வாரம் ஒரு நாள் வருவாங்க, நிறைய ஸ்கூலுக்கு ஒரே ஆள், பஸ்ஸுல ஏறி இறங்கி, கடைசி ஏத்தம் நடந்தே வரணும். அவங்களுக்கு என் நன்றி தனியா. பனிமூட்டத்துல மெஷினுக்குள்ள ஈரம் கோத்துக்கும், சத்தம் கரகரங்கும், ராத்திரி கழட்டி பேட்டரி மூடிய திறந்து விட்டு, மூடி டைட்டா இருக்கற டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட போட்டு வைங்கன்னு சொல்லிக்குடுத்தது அவங்கதான். புது செருப்பு டப்பாவுல வர்ற அந்த சின்ன பாக்கெட்டத்தான் சேத்து வெச்சிருந்தோம், அதுக்கு ஈரத்த இழுக்கற சக்தி சீக்கிரம் போயிரும், நல்லதா வாங்கி மாத்துங்கன்னும் சொன்னாங்க. பேசறப்ப பாப்பா முன்னாடி வெளிச்சம் உங்க மூஞ்சில படற மாதிரி நில்லுங்க, கத்தாதீங்க, நிறுத்தி பேசுங்கன்னு என் மாமியாருக்கு கூட பயிற்சி குடுத்துட்டாங்க. இதே மாதிரி புள்ளை வெச்சிருக்கற யாராவது படிச்சா உதவட்டும்னுதான் இவ்வளவு எழுதறேன்.

ஸ்கூல்ல இருக்கற இன்னொரு சாருக்கும் நன்றி. அஞ்சு கிளாஸுக்கு ரெண்டே பேர், அறுபது புள்ளை வரைக்கும் ரெண்டு வாத்தியார்தான்னு சட்டமே சொல்லுது, அதனால யாரையும் குத்தம் சொல்ல முடியாது, ஹெச்.எம் மீட்டிங்குக்கு போனா சார் ஒருத்தரே அஞ்சு கிளாஸும் பாப்பார். ஜார்க்கண்டுல இருந்து தோட்ட வேலைக்கு வந்தவங்க புள்ளைங்க இப்ப நிறைய சேந்திருக்கு, தமிழ் சுத்தமா தெரியாம வந்ததுங்க, அதுங்களுக்காக சார் போன்ல இந்தி கத்துக்கிட்டார், தப்பும் தவறுமா பேசுவார், புள்ளைங்க திருத்தும், அந்த சாக்குல அதுங்க தமிழும் வந்துருச்சு. எங்க தாத்தா பாட்டி 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து வந்தவங்க, புது ஊர்ல வாய் திறக்க கூச்சப்பட்டு நின்ன கதையெல்லாம் கேட்டு வளந்தவ நான், அதனால சார் பண்ணுனது எனக்கு பெரிய விஷயம்.

காலை உணவு சமைக்கிற மகளிர் குழு அக்காக்கள மறந்தா சாமி கண்ண குத்தும். 2023 ஆகஸ்ட் 25ல தமிழ்நாடு பூரா அரசு தொடக்கப்பள்ளிக்கு அந்த திட்டம் வந்துச்சு, எங்களுக்கும் அன்னிக்குத்தான். அதுக்கு முன்னாடி ஏழு மணிக்கே நாங்க கிளம்பிருவோம், புள்ளைங்க ஒரு வரிக்கிய டீயில தொட்டு தின்னுட்டு ஸ்கூலுக்கு போகும், பத்து மணிக்கெல்லாம் தூங்கி விழும். இப்ப சுடச்சுட பொங்கலோ கிச்சடியோ காய் போட்ட சாம்பாரோட கிடைக்குது. அந்த பனியில விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வந்து அடுப்பு பத்த வைக்கறது லேசான வேலை இல்லீங்க.

கரடி கதையும் சொல்லிடறேன். ராத்திரி சத்துணவு கூடம் கதவ உடைச்சுட்டு உள்ள போய் எண்ணெய் பூரா குடிச்சுட்டு பருப்ப இறைச்சு விட்டுட்டு போயிருச்சு, கோத்தகிரி பக்கம் இது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான், அதுக்கு எண்ணெய் வாசம்னா உசுரு. காலைல அக்கா பாத்துட்டு அழுதுட்டே உக்காந்துட்டாங்க. ஹெச்.எம் டீச்சர் ஃபாரஸ்ட்டுக்கு போன் பண்ணிட்டு, கடைக்கார அண்ணன்கிட்ட சாமான் கடன் சொல்லி வாங்கி, அன்னிக்கும் மதிய சாப்பாடு போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் எண்ணெய் டின் ராத்திரி ஸ்கூல்ல தங்கறதில்ல. கடன் குடுத்த அண்ணனுக்கும், கதவுக்கு இரும்பு தகடு அடிச்சு காசு வாங்காத வெல்டிங் கடை தம்பிக்கும் ரொம்ப நன்றி.

மேல் லைன் புள்ளைங்க வர்ற வழியில காட்டெருமை நிக்கும். ஜீப் ஓட்டற அண்ணன் போக்குவரத்து பணம் எப்ப வரும்னு பாக்காம டீசல் போட்டு ஓட்டுனார், அதிக மழை அன்னிக்கு புள்ளைங்கள ஏத்தறதுக்கு முன்னாடி தனியா ஒரு தடவை போய் ரோட்டுல மண்ணு சரிஞ்சிருக்கான்னு பாத்துட்டு வருவார். 2009 நவம்பர் நிலச்சரிவ பாத்தவங்க எங்க ஊர்ல யாரும் மழைய லேசா எடுத்துக்க மாட்டாங்க.

புள்ளைங்க குறைஞ்சுட்டே வருது, திருப்பூர், கோயமுத்தூர்னு குடும்பமா இறங்கிடறாங்க, இந்த மே மாசமும் மாறுதல் ஆர்டர கையில வெச்சுட்டே டீச்சர் லைன் லைனா அட்மிஷனுக்கு நடந்தாங்க. வரப்போற ஹெச்.எம் யாருன்னு இன்னும் தெரியல. யாரா இருந்தாலும் அந்த நீட்டு நோட்ட பள்ளி மேலாண்மைக் குழு தலைவி அக்கா முதல் கூட்டத்துலயே கையில குடுக்கறதா இருக்காங்க. சுற்றுச்சுவரும் தகர கூரையும் அதுல வலது பக்கம் காலியாத்தான் கிடக்கு, கூடவே இங்கிலீஷும்.

வழியனுப்பு வர்ற சனிக்கிழமை சாயங்காலம் இலை எடை முடிஞ்சதும் ஸ்கூல்லயே. சால்வை, மாலை எதுவும் வேணாம்னுட்டாங்க, கொண்டு வர்றதா இருந்தா நாலு கோடு நோட்டும் கலர் பென்சிலும் கொண்டு வாங்க, ஸ்கூலுக்கு ஆகும். டீயும் வரிக்கியும் மேல் லைன்காரங்க செலவு. சண்டை போட்டவங்களும் வாங்க, டீச்சர் உங்களத்தான் முதல்ல கேப்பாங்க.

இப்படிக்கு,
நாலாவது போற பாப்பாவோட அம்மா