பளிச்சென்ற எக்ஸ்ரேயும் கூடுதல் கதிர்வீச்சும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிஜிட்டல் எக்ஸ்ரே வந்ததும் கதிர்வீச்சு தானாகவே குறைந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். கருவி மட்டும் அதைச் செய்துவிடாது. பிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கருத்துப்போகும். தவறு அங்கேயே தெரிந்துவிடும். இப்போது கணினி கருமையைச் சரிசெய்துவிடுவதால், இரு மடங்கு கதிர் பாய்ந்தாலும் படம் பளிச்சென்றே இருக்கிறது. குறைந்தால்தான் காட்டிக்கொடுக்கும்: நெஞ்சுப் படத்தில் இதய நிழலுக்குள் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளுக்குப் பயந்தே கதிரின் அளவைத் தீர்மானிக்கும் எம்ஏஎஸ் எண்ணைக் கூட்டிவைக்கும் பழக்கம் வேரூன்றிவிடுகிறது.

இதைப் பிடிக்கப் பல கருவிகளின் திரையிலேயே ஓர் எண் உண்டு. விலகல் குறியீடு, சுருக்கமாக டிஐ. 0 என்றால் இலக்கு அளவு. +3 என்றால் ஏறக்குறைய இரு மடங்கு. -3 என்றால் பாதி. உறுப்புவாரியாக இலக்கைச் சரியாக அமைத்திருந்தால்தான் இந்த எண்ணை நம்ப முடியும். அப்படி அமைத்த பிறகும் +3 தொடர்ந்து வந்தால், எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கிப் பார்க்க வேண்டும்.

குழந்தையின் மணிக்கட்டைப் படமெடுக்க முன்கை முழுவதற்கும் கதிரைத் திறந்துவிட்டு, பிறகு திரையில் ஓரங்களை வெட்டுவது இன்னும் வருத்தம் தருகிறது. வெட்டுப்படுவது படம்தான், உடலில் பாய்ந்தது பாய்ந்ததுதான். கதிர் பாயும் பரப்பைக் கட்டுப்படுத்தும் கோலிமேட்டரை முன்பே குறுக்கினால் சிதறல் கதிர் குறைந்து, எலும்பின் நுண்கோடுகளும் தெளிவாகும்.

மருத்துவமனைகள் ஒவ்வொரு படத்தின் டிஐ எண்ணையும் பதிவேட்டில் குறித்து, மாதம் ஒருமுறையாவது எடுத்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ரேடியோகிராபர் ஒருவர்